வீட்டுப்பாடம்

உரக்கடை மாடியில் எங்கள் வகுப்பு.
யூரியா வாடையோடுதான் கற்றுக்கொண்டோம்
படுக்கையில் கிடப்பவரைப் புரட்டும் விதம்.
முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடு,
செய்யப்போவதைச் சொல்,
பிறகு தொடு.
தையல்நாயகி மேடம் முப்பது வருஷம்
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர்.
நாங்கள் தொட்டுவிட்டுச் சொன்னால்
ஸ்கேலால் கட்டில் கம்பியில் தட்டுவார்.

அறுவடை மிஷின் ஓட்டிய இளவழகன்தான்
பெரும்பாலும் நோயாளி.
எண்பத்திரண்டு கிலோ.
படுத்தவுடன் நிஜமாகவே தூங்கிவிடுவான்.
ஹலீமாவும் நானும் விரிப்பைச் சுருட்டி
அவனை இடப்பக்கம் சாய்ப்போம்;
குறட்டை மட்டும் வலப்பக்கமே கிடக்கும்.

செருப்புக்குள் புளியங்கொட்டை போட்டு நடந்தோம்.
கண்ணாடியில் வாசலின் தடவிக்கொண்டு
மாத்திரை அட்டையைப் பிரித்தோம்.
எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது
பத்தொன்பதாம் நாள் வரை.

அன்று ஆளுக்கொரு டயபர் கொடுத்தார்.
'கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.
நனைத்துவிட்டு
ஒரு மணி நேரம் அப்படியே இருங்கள்.
நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.'

மன்னார்குடியில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.
அசைந்தால் சரசரவென்று ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்டதா, தெரியாது.
பக்கத்து சீட்டுக்காரி செல்போனில்
குழுக் கடனுக்குத் தவணை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயிலுக்கு
எஞ்சின் மாற்றுகிறார்களாம்.
முன்னே போகும், பின்னே வரும்,
நாற்பது நிமிஷம்.
வேண்டுமென்றே குடித்த இரண்டு பாட்டில் தண்ணீரும்
மத்தியான மோரும்
அடிவயிற்றில் வரிசை கட்டி நின்றன,
கேட்டுக்கு இந்தப் பக்கம்.

இதுதான் சமயம், விடு என்றேன்.
உடம்பு விடவில்லை.
மூன்று வயதில் அம்மா அடித்து இறக்கிய
மதகுப் பலகை அது.
நாற்பது வருஷமாகத்
திறப்பதும் அடைப்பதும் நான் என்றிருந்தேன்.
சாவி வேறு எந்த லஸ்கரிடமோ இருக்கிறது.

கேட் தூக்கி, பஸ் குலுங்கித்
தண்டவாளம் ஏறியபோது
அது நடந்தது.
சொல்லாமல்,
பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல்.

சூடு.
பிறகு சூடு போய்விட்டது.
பிறகு கனம்.

கோவில்வெண்ணியில் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
'சீக்கிரம்மா' என்றார் கண்டக்டர்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை,
எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஒரு மணி நேரம் முடியவில்லை.
பதினேழு நிமிஷம்.
அதை எழுதினேன்.

ஹலீமா எழுதியிருந்தாள்:
'விடிய விடியப் பார்த்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது.'
இளவழகன் வெறும் தாளைக் கொடுத்தான்.
மேடம் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல் அவன் போய்ப் படுத்தான்.
தூங்கவில்லை.
கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.
'இளவழகன்' என்றாள் ஹலீமா.
'இடப்பக்கம் திருப்பப்போகிறோம்.'
ஸ்கேல் தட்டவில்லை, இனித் தொடலாம்.
அவள் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு
'சரியா?' என்றாள்.
நானும் கையை எடுத்துக்கொண்டேன்.

கீழே மூட்டை இறக்கும் சத்தம்.
அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.