கண்ணாடிக்கு மேல் கண்ணாடி

ரவுண்டானா பக்கத்துக் கடையில்
லென்ஸுக்குத் தவணை எழுதி முடித்ததும்
இம்தியாஸ் கேட்காமலே
ஃபில்டரையும் திருகிக் கொடுத்தான்.
"எழுநூறு ரூபாய்தான் அக்கா.
கல்லு பவுடர்ல வேலை உங்களுக்கு.
போனா இது போகட்டும்."

பர்கூர் ரோட்டில் கிரானைட் யார்டு.
கப்பலேறும் பலகைகளை
ஒவ்வொன்றாய்ப் படமெடுப்பது என் பிழைப்பு.
வாங்குகிறவர் கல்லைத் தொட்டதில்லை.
என் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
பருக்கை எண்ணுவார்.
மாசியில் அவரிடமிருந்து ஒரு வரி:
கூர்மை போதவில்லை.
மானேஜர் அதை எனக்குப் படித்துக் காட்டினார்,
இரண்டு தரம்.

ஃபில்டர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கம்ப்ரசர் ஓடவில்லை,
தரை அதிரவில்லை.
முக்காலி, இரண்டு நொடி டைமர்,
ஒரே பலகை, ஒரே வெயில்.
ஃபில்டரோடு பத்து, கழற்றிப் பத்து.
கழற்றும்போது மரைக்குள் கல்மாவு
நறநறத்தது, சோற்றில் பல்லில் பட்டதுபோல.

சம்பள பாக்கி கேட்க வந்த முனிரத்தினம்
ஓரமாய் உட்கார்ந்து பார்த்திருந்தார்.
பாலிஷ் மெஷின்காரர். நெற்றிமேல்
கம்பெனி கொடுத்த கண்ணாடி,
கீறலின் மேல் கீறல்.
கண்ணுக்குப் போடுறதில்லையா என்றேன்.
"போடுவேன். மெருகு வந்துச்சான்னு
பாக்க மட்டும் கழட்டுவேன்."
இடது கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
அப்படிக் கழற்றிய ஒரு நிமிஷம் அது.
அவராகச் சொல்லவில்லை.
"அன்னிக்கு மெருகு சரியாத்தான் வந்திருந்துச்சு"
என்றார்.

இரவு, இருநூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
மைக்காவின் மினுக்கு, ஊசிமுனைக் குழி,
இருபதிலும் ஒன்றுபோல.
லாரி உள்ளே திரும்பிய ஒரு படத்தில் மட்டும்
இரண்டு ஹெட்லைட் நாலாகி
பச்சையாய், தலைகீழாய்
வானத்தில் தொங்கின.
அது ஃபில்டரின் வேலை. ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு மாசிப் படங்களைத் திறந்தேன்.
மூலையிலிருந்து மூலைக்கு
மெல்லிய எண்ணெய்த் தடம், நான் துடைத்த வாக்கில்.
லென்ஸை அப்படித் துடைத்திருப்பேனா?
எழுநூறு ரூபாய்தானே என்று
துப்பட்டா நுனியில் எச்சில் தொட்டு
தினம் நாலு முறை.

இதை மானேஜரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு படம், கணக்கில் சேராதது.
முனிரத்தினம் பலகைமேல் குனிந்திருக்கிறார்.
கறுப்புக்கல் கண்ணாடியாகி
அவரை அவருக்கே காட்டுகிறது.
நெற்றிமேல் கீறல்களை எண்ணலாம்.
அந்த வெள்ளைப் புள்ளி
மேலே ஒன்று, கல்லுக்குள் ஒன்று.

அவ்வளவு தெளிவு.
ஃபில்டரோடு எடுத்ததா, கழற்றியா,
குறித்துவைக்க மறந்துவிட்டேன்.