ஒன்பது வாசல்

ஓசூர், பாகலூர் ரோடு, மூன்றாவது கடை.
"புதுசே எழுநூறுக்கு வருதுண்ணா,
வயர் கிடையாது, கையில அதிரும் வேற"
என்றான் ஃபயாஸ்.
வலது கையைக் கண்ணாடி மேல் வைத்தேன்.
அப்புறம் அவன் விலை பேசவில்லை.

ஆள்காட்டி இல்லை. நடுவிரல் பாதி.
புதுசுக்கெல்லாம் தோளில் நாலு பட்டன்,
ஆள்காட்டியை நம்பிச் செய்தவை.
நான் கொண்டு போனது
காயலாங்கடையில் முப்பது ரூபாய்க்கு எடுத்த பழசு.
தட்டை, கறுப்பு, ஒரு மூலையில் யாரோ கடித்த தடம்.
இரண்டு கட்டைவிரல் இருந்தால் வா என்கிறது.
அதற்காகத்தான்.
பழைய நினைவு கினைவு ஒன்றும் இல்லை,
சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிவியே கிடையாது.

வயரின் நுனியில் ஒன்பது துளை.
ஒன்பது வாசல் வைத்த உடம்பைப் பற்றி
எத்தனையோ பேர் பாடிவிட்டுப் போனார்கள்.
இந்த ஒன்பதில்
எந்த வாசல் வழியாக ஐந்து வோல்ட் வரும் என்று
ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

மூன்று அடாப்டர் எடுத்துப் போட்டான்.
வெள்ளை டப்பா, பெயரில்லை, நூற்றெண்பது.
பிடிவாதமில்லாமல் உள்ளே போனது.
மேலே என்று அழுத்தினால்
பொம்மை இடப்பக்கம் ஓடிச் சுவரில் முட்டியது.
"ஓட்டை ஒண்ணுதாண்ணா,
உள்ள வயர் போட்டவன் வேற ஆளு."
சரிதான். பக்கத்து வீட்டுச் சாவி
நம் பூட்டில் நுழையும், திரும்பாது.

அடுத்தது நானூற்று இருபது, இரண்டு வாய்.
திம்மராயனும் ஒன்று மாட்டிக்கொள்ளலாம்.
ஆசையாக இருந்தது.
அழுத்தினேன். குதித்தது.
அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவில்
ஒரு சின்னச் சும்மா இருந்தது.

"எங்கண்ணா? கரெக்டாத்தானே குதிக்குது?"

அவனுக்குத் தெரியாது.
சிப்காட்டில் நூறு டன் பிரஸ்.
கை உள்ளே போனால் நிறுத்துவதற்கு
சிவப்பாக ஒரு ஒளித்திரை வைத்திருந்தார்கள்.
நிறுத்தியது.
நிறுத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.
விசாரிக்க வந்தவர்
மில்லி செகண்டில் ஒரு எண் எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

"போனை ஸ்லோமோஷன்ல வை" என்றேன்.
கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில்.
ஃபயாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான்.
பிறகு இருவரும் தலையை முட்டிக்கொண்டு
கட்டம் கட்டமாகத் தள்ளி எண்ணினோம்.
இரண்டு வாய்க்காரன்: இருபத்தொன்பது கட்டம்.
மூன்றாவது, பச்சை, ஒரே வாய்,
எந்த ஊர் வயரிங் என்று சொல்லிவிட
வயிற்றில் ஒரு குட்டி சுவிட்ச்: ஒன்பது கட்டம்.
நம்பாமல் இன்னொரு தரம் எடுத்தோம். ஒன்பது.
ஒரு பள்ளிக்கூடப் பையன்
ஸ்க்ரீன் கார்டு ஒட்ட வந்து காத்திருந்தவன்
"எட்டுண்ணா" என்றான். விட்டுவிட்டோம்.

எழுநூற்றைம்பது. புதுசை விட ஐம்பது அதிகம்.
அந்த ஐம்பதைக் குறைத்தான்.
கைக்காக இல்லை, அட்டைப்பெட்டி கிழிந்திருந்தது
என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ராத்திரி இரண்டாம் ஷிப்ட் முடித்து
திம்மராயன் வந்தான், தலையில் குரங்குக் குல்லா.
டிசம்பர் குளிரில்
இல்லாத விரல்தான் முதலில் வலிக்கும்,
அதை இரண்டு கால்களுக்கு நடுவே சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.
அவனுக்கு அவன் மகனுடைய புதுசு, வயரில்லாதது.
முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவதும்.
"உன் டப்பா வேகம்பா" என்று
தெலுங்கில் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னான்.

மூன்றாவதில்
பள்ளம் வருவது நன்றாகத் தெரிந்தது.
தெரிந்தும், அழுத்தப் போன விரல்
இல்லாத விரல்.
கட்டைவிரலுக்கு ஞாபகம் வருவதற்குள் விழுந்துவிட்டேன்.

கட்டம் எண்ண வேண்டியதில்லை.
இந்தத் தாமதம் டப்பாவுடையது இல்லை,
பிரஸ்ஸுடையதும் இல்லை.
என்னுடையது.

"இன்னொண்ணு போடு" என்றேன்.
அவன் ஏற்கெனவே போட்டிருந்தான்.