ஞாயிற்றுக்கிழமைப் பழுது

சாவியைத் திருப்பியதும்
நான்கு மூலையிலும் நான்கு மோட்டார்கள்
டிக்டிக்கென்று தம் பூஜ்யத்தைத் தேடின.
டாம்பரின் உச்சியில் ஆளுக்கொன்று,
தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.
கடைசி வரை இறுகி
எண்ணிக்கொண்டே தளர்ந்து
சொன்ன எண்ணில் நிற்க வேண்டும்.
நான்கும் நின்றன.
ஒரு குறையும் இல்லை.
அதுதான் குறை.

"ஞாயிறு மட்டும்தான் வருகிறது" என்றார் இசோகாய்.
"வாதா கணவாய் ஏறும்போது.
திரையில் ஈ-மூன்று. பின் இடது.
அப்புறம் வண்டி
ஒரு கால் மரத்துப்போன குதிரை."
மற்ற நாட்களில்?
"ஒன்றுமில்லை."
கிழமை பார்த்துக் கெடும் மின்சாரத்தை
இருபத்தோரு வருடத்தில் நான் கண்டதில்லை.

இந்தக் கண்ட்ரோலர் வண்டியோடு பிறந்ததல்ல.
யாரோ ஒருவர் ஏதோ ஒரு மதியத்தில்
கறுப்பு டேப்பும் அவசரமுமாய்ப் பொருத்தியது.
கம்பெனி வரைபடத்தில் இதற்கு இடமில்லை.
கார்பெட்டுக்குள் கைவிட்டுத்
தடவித்தான் படிக்க வேண்டும்.

முதல் வாரம்
இடது மோட்டாரை வலதுக்கு மாற்றினேன்.
பழுது கூடப் போகவில்லை,
இடதிலேயே உட்கார்ந்திருந்தது.
மோட்டார் நிரபராதி.
இரண்டாம் வாரம்
பொறுமையிழந்த இசோகாய்
அறுபத்தெட்டாயிரம் யென்னுக்குப்
புதுக் கண்ட்ரோலர் வாங்கிவந்தார்.
வேண்டாம் என்றேன். மாட்டு என்றார்.
ஞாயிறு, கணவாய், ஈ-மூன்று.
அதே நிதானம், அதே சிவப்பு.

மூன்றாம் வாரம் சாலையில் உப்பு தூவத் தொடங்கினார்கள்.
சக்கர வளைவில்
பச்சை பூத்த கனெக்டர் ஒன்றைக் கண்டு
துள்ளிவிட்டேன்.
சுரண்டி, கிரீஸ் தடவி,
பில்கூட எழுதிவிட்டேன்.
திங்கள் காலை ஷட்டர் தூக்கும்போது
வெளியே நின்றிருந்தார்.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது
ஒயருக்கும் பொருந்தும்.
பில்லைக் கிழித்தேன்.

"ஞாயிறன்று பக்கத்தில் யாராவது?"
"இல்லை."
மல்டிமீட்டருக்கு வோல்ட் தெரியும், ஓம் தெரியும்.
இதற்கு அதில் முள் இல்லை.
ஆனால் அந்த 'இல்லை'
ஒரு கிளிக், இரண்டு கிளிக்
தாமதமாக வந்தது.

நீங்கள் ஓட்டுங்கள், நான் கூட வருகிறேன் என்று
இடது இருக்கையில் ஏறினேன்.
அது கடைசிப் பல் வரை பின்னே தள்ளியிருந்தது.
என் பாதத்துக்கும் முன்சுவருக்கும் நடுவே
ஒரு பூனை கால்நீட்டித் தூங்கலாம்.
இவ்வளவு நீளக் கால் யாருடையது என்று
நான் கேட்கவில்லை.
அவர் சாலையை மட்டும் பார்த்தார்.
சுவா ஏரி கீழே ஈயத்தகடாய்க் கிடந்தது.
மூன்றாவது கொண்டைஊசி வளைவில்
உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது.
ஈ-மூன்று.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக்
குளிரில் மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.
இருக்கையின் தண்டவாளத்துக்கு அடியில்
பின்னோக்கி ஓடும் ஒயர்.
தோலுரிந்து
அரிசி அளவு செம்பு மின்னியது.
யாரும் இல்லாவிட்டால் எதையும் தொடாது.
ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால்
இரும்பைத் தொடும்.
அவ்வளவுதான் வழக்கு.

கொண்டுவந்து, ஒட்டுப்போட்டு, உறைமாட்டி,
ஒயரை வேறு வழியில் இழுத்தேன்.
அரைமணி வேலை.
பில்லில் எழுதினேன்:
'இடது இருக்கைக்கு அடியில் ஒயர் நசுங்கல்.'
அவர் அந்த வரியை
மொத்தத் தொகையைவிட நெடுநேரம் பார்த்தார்.
"இருக்கை என்று போட்டே ஆக வேண்டுமா?"
வேறு தாள் எடுத்தேன்.
'கார்பெட்டுக்கு அடியில்.'
பொய்யில்லை.

பழைய கண்ட்ரோலரையே திரும்பப் பொருத்தினேன்.
புதியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.
பெட்டியோடு என் மேஜைக்கடியில் இருக்கிறது,
குளிர்காலத்தில் கால் வைத்துக்கொள்ள வசதி.

வண்டியைக் கொடுக்கும்போது
எல்லாவற்றையும் இருந்தபடி வைப்பது என் பழக்கம்.
கண்ணாடியின் கோணம். ரேடியோவின் நிலையம்.
வேலைக்காக முன்னே இழுத்த
இடது இருக்கையைத்
திரும்பத் தள்ளினேன், கடைசிப் பல் வரை.
டக்கென்று பூட்டியது.
ஒயரில் படவில்லை.
இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.