கல் எடை கழித்து

தொண்டி கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் நான்.
ஓர் உரைகல், ஒரு குப்பி அமிலம், கண்ணாடிக் கூட்டுக்குள் தராசு.
மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.
இந்தப் பக்கம் உயரமென்று சொல்ல உப்பளத்து அம்பாரம்தான்,
அதையும் மழைக்கு முன் ஓலை போட்டு மூடிவிடுவார்கள்.

ஆனாலும் களஞ்சியம் எனக்குத்தான் அனுப்புகிறான்.
ஓமானில் ஆடு மேய்க்கிறவனுக்கு
பொன் தெரிந்த ஆள் வேறு யாரையும் தெரியாது.

முதல் படத்தில் பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவர்.
கரும்பாறையைக் கிழித்து மேலேறும் வெள்ளைக் கோடு,
ஓரமெல்லாம் துரு.
"அக்கா, அதுதானே?"

வெள்ளைக்கல்லும் துருவும் சேர்ந்த இடத்தில்
பொன் ஓடலாம் என்று படித்தேன்.
ஓடலாம்.
சுண்ணாம்பும் வெள்ளைதான்.
துருவுக்கு எங்கள் வங்கி ஜன்னலே போதும்,
கடற்காற்று தினமும் கொஞ்சம் தின்கிறது.

இரண்டு விரலால் படத்தை விரித்தேன்,
ஏறக்குறைய உரைப்பதுபோல.
பாறை கட்டம் கட்டமாக உடைந்தது.
கோடு கையளவா, ஆளுயரமா?
அளவுக்கு ஏதாவது பக்கத்தில் வை என்று எழுதினேன்.

மறுநாள் ஓர் ஆட்டை வைத்து எடுத்திருந்தான்.
ஆடு இக்கரையில், கோடு அக்கரையில்,
நடுவில் இருநூறடி வெறும் காற்று.

மூன்றாவது சாயங்காலம் எடுத்தது.
கோடே இல்லை.
வேறு இரண்டு இருந்தன,
மஞ்சளாக, வெயில் விழுந்த பக்கம் மட்டும்.

பஞ்சவர்ணம் வட்டி கட்ட வந்தாள்.
விசாவுக்கு வைத்த மூன்று பவுன் சங்கிலி,
ஏல நோட்டீசு அவள் பையில் கருவாட்டு வாசத்தோடு மடிந்திருந்தது.
ஆயிரத்து நூற்று நாற்பதை எண்ணி வைத்துவிட்டு
"என்னமோ கல்லாப் பிடிச்சு அனுப்புறாராமே" என்றாள்.

காட்டினேன்.
கோட்டைக் காட்டினேன், துருவைக் காட்டினேன்.
அவள் விரல் படத்தின் அடியோரம் போய் நின்றது.
அங்கே ஒரு நிழல், கையில் கம்பு.
"எளைச்சிட்டாரு."

அது சாயங்கால நிழல்,
அதை வைத்து எடை சொல்ல முடியாது என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
நிழலைத் தன் விரற்கடையால் அளந்துகொண்டிருந்தாள்,
தலையிலிருந்து கம்பு வரை, திரும்பவும் தலையிலிருந்து.

சங்கிலியின் பதக்கத்தில் ஒரு சிவப்புக் கல்.
ரசீதில் என் கையெழுத்தில் இருக்கிறது:
கல் எடை கழித்து.

இரவு பதில் எழுதினேன்:
"படத்தில் தெரியாது, களஞ்சியம்.
விளிம்புக்குப் போகாதே."

அனுப்பு பொத்தானை அழுத்துமுன் நான்காவது வந்தது.
வேறு பள்ளத்தாக்கு.
கோடு தடியாக இருக்கிறது.
விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு முறை விரிக்கிறேன்.