இடது கார்டு

லாக்கவானா, செப்டம்பர், செவ்வாய்க்கிழமை,
காலை ஐந்தே முக்கால்.
முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள்.
மேசைமேல் எங்கள் முன்வரிசை நிற்கிறது:
இடது டேக்கிள், கெட்சப் பாட்டில்.
சென்டர், சர்க்கரை ஜாடி.
வலது கார்டு மிளகுத்தூள்.
வலது டேக்கிளுக்கு முழங்காலில் கோளாறு என்பதால்
பாதி காலியான சிரப் குப்பி.
இவர்களுக்குப் பின்னால் ஒரு முட்டை.
ஆண்டுக்கு நாலு கோடி டாலர் முட்டை,
இன்னும் வேகவைக்காதது.

கெட்சப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே
ஓர் ஆள் போகிற அளவுக்குச் சந்து.

ஃபவாஸ் அங்கே உப்புக் குப்பியை வைக்கிறான்.
"ரென்ஃப்ரோ. இருபத்திரண்டு வயது.
போன சனிக்கிழமை ஆட்டத்தைப் பதினொரு தடவை பார்த்தேன்.
கடையில் ஆளே வராத நேரம் பார்த்து."
பெர்னடெட் உப்பை எடுத்துவிட்டு
ஜாம் கிண்ணத்தை நகர்த்துகிறாள்.
"ப்ரூயிட் மெதுவானவன்தான்.
ஆனால் பக்கத்தில் இருப்பவன் எப்போது சறுக்குவான் என்று
அவனுக்குத் தெரியும்.
என் பஸ்ஸில் அறுபது பிள்ளைகள்.
வேகமா ஓட்டுகிறவனிடம் விடுவாயா அவர்களை?"
"அந்த ஜாம்தான் போன சனிக்கிழமை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது,
இரண்டு பேர் குறுக்கே மாறி ஓடியபோது.
முட்டை மல்லாந்து விழுந்தது."
"முட்டை பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றால்
யார்தான் என்ன செய்ய?"

கோர்னெல், இழுவை லாரிக்காரன்,
அதுவரை வாஃபிளைத் தவிர எதையும் பார்க்காதவன்,
மிளகுத்தூளை இடப்பக்கம் மாற்றிவைத்தான்.
அவ்வளவுதான்.
சமையல்காரரே வெளியே எட்டிப் பார்க்கும்படி
மூன்று பேரும் கத்தினோம்.
பதினைந்து வருஷம் வலக்காலைப் பின்னால் வைத்து நின்றவனை
இடக்காலை வைக்கச் சொல்வதா!
நீ இடக்கையால் பல் விளக்கிப் பார்!

"போன வருஷம் இந்த வம்பே இல்லையே," என்றேன் நான்.
"போன வருஷம் அங்கே யார் இருந்தது?"

பேச்சு நின்றது.

பதினேழு ஆட்டம்.
ஒரு தடவைகூட வெளியே உட்காராதவன்.
அறுபத்தெட்டு என்று எண் ஞாபகம் இருக்கிறது,
முதுகு ஞாபகம் இருக்கிறது,
மார்ச் மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்பதும்.
பேர்?
பதினொரு தடவை பார்க்கிற ஃபவாஸ் கூரையைப் பார்த்தான்.
கோர்னெல் கைப்பேசியை எடுக்கப் போக
"தொடாதே," என்றாள் பெர்னடெட்.
"அது அசிங்கம்."

மதில் காத்தவனுக்கு நொச்சிப் பூ.
இவனுக்கு மஞ்சள் துணி,
அதுவும் தப்புச் செய்தால் மட்டும்.
அப்போதுதான் நடுவர் அவன் எண்ணை வாய்விட்டுச் சொல்வார்,
எழுபதாயிரம் பேர் கேட்க.
இவன் தப்பே செய்யவில்லை.
பந்தையும் தொடவில்லை.
நாங்கள் முட்டைக்குத்தான் கை தட்டினோம்,
பனி விழ விழ.

பணிப்பெண் ஜூனி வந்து
"அடுத்த மேசைக்கு" என்று சிரப்பைத் தூக்கிப் போனாள்.
யாரும் எதிர்க்கவில்லை.
ஆறே கால். பெர்னடெட் சாவியை எடுத்தாள்.
ஜாம் இருந்த இடத்திலேயே இருந்தது,
ஃபவாஸ் கிளம்பும்போது
பக்கத்தில் உப்பையும் வைத்துவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு
ரிட்ஜ் சாலையில் ஒரு கூரைமேல் இருந்தேன்,
வாய் நிறைய ஆணி.
சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.
வணக்கம்கூடச் சொல்லவில்லை அவள்.
பின்னால் காலி பஸ்ஸின் இரைச்சல்.

"ஹால்வர்சன்," என்றாள்.
"டீன் ஹால்வர்சன்."

பல்லைக் கடித்தபடி
"ம்" என்றேன்.