பதினேழு அ

சுற்றுநிருபம் முதலில் சிங்களத்தில் வந்தது,
இரண்டு கிழமை பிந்தித் தமிழில்.
"சகல சுகாதாரப் பணியாளர்களும்" என்று தொடங்கி
"தவறும் பட்சத்தில்" என்று முடிந்தது.
ஈரல் அழற்சி பி.
பூச்சியம், ஒன்று, ஆறு என்று மாதக் கணக்கில்
மூன்று ஊசி.
பிறகு இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும்,
உடம்பு பாடத்தைப் படித்ததா என்று.

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி.
திருக்கோவில் ஆசுப்பத்திரியில்
நீல மட்டைப் பதிவேடு என் பொறுப்பு.
நாற்பத்தொரு பெயர்.
எவருக்கும் கை மடிக்காத டொக்டர்மாரை
சேட்டுக் கை மடிக்க வைத்தேன்.
சாரதி குலமணி ஊசிக்குப் பயந்து
அம்புலன்ஸோடு பொத்துவிலுக்குப் போய்
பின்னேரம்தான் திரும்பினான்.
அவனுக்கும் போட்டேன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்க.

பதினேழாம் இலக்கம் நான்.
மூன்றும் போட்டு முடித்தவள்.
ஆய்வுகூடத்து ஜெஸீமா தாளை நீட்டி
என் முகத்தைப் பாராமல் சொன்னாள்,
"பத்துக்குக் கீழ இரிக்கி மிஸ்ஸி. திரும்பப் போடணும்."
சட்டம் என்னை ஏற்றுக்கொண்டது.
என் இரத்தம் ஏற்கவில்லை.

நோயாளிக்கும் காட்டு உண்டு.
கோமாரி வயல்காரர் ஒருவர்,
சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்,
பாஸ்புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.
"ரெண்டுதான் போட்டிரிக்கி. மிசினில ஏத்துவாங்களா?"
ஏத்துவாங்கள் ஐயா, காட்டைத் தொலைச்சிடாதீங்க என்றேன்.
அவர் போய் வெகுநேரம்
அந்த "ஏத்துவாங்கள்" எனக்கே நிச்சயமில்லாமல் கிடந்தது.

வியாழக்கிழமை.
கடற்காற்று யன்னலால் மணலை வாரி இறைத்த பகல்.
தவமலர் வந்து கதவடியில் நின்றாள்.
மஞ்சள் பெட்டிகளைச் சுமக்கிறவள்.
விரலில் ஒரு அதிர்ஷ்டலாபச் சீட்டு சுற்றியிருந்தது.
"ஒண்டுமில்ல மிஸ்ஸி.
கறுத்த பைக்குள்ள ஆரோ ஊசியப் போட்டிரிக்காங்க.
பிளாஸ்டர் ஒண்டு தாங்க."
எப்ப?
"விடிய, பெரிய வாட்டில."
இப்போது நேரம் இரண்டேகால்.

பதிவேட்டைத் திறந்தேன்.
தயாநிதி, தவராசா, திலகேஸ்வரன்.
ஏழு வருசமாக இந்தக் கட்டிடத்தைக் கழுவுகிறவள்
அதற்குள் இல்லை.
கம்பனிக்கு எடுத்தேன்.
"சம்பளம் எங்கட, ஊசி உங்கட" என்றான் மேற்பார்வை.
காரியாலயத்துக்கு எடுத்தேன்.
"அது கம்பனி ஆளெல்லே" என்றார் சுபோதகரன்,
தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் கேட்டது.
சுற்றுநிருபத்தைத் திரும்ப வாசித்தேன்.
"சகல" என்ற சொல்லின் தலையில்
எறும்பளவு இலக்கம் ஒன்று.
கடைசிப் பக்கத்தின் அடியில் அதன் விளக்கம்:
நிரந்தர, அமைய, பயிலுநர்.

குளிர்ப்பெட்டியில், நாலு பாகையில்
என் பெயர் ஒட்டிய குப்பி ஒன்று இருந்தது,
எனது நாலாவது.
என்னை நல்லவள் என்று யாரும் எண்ணவேண்டாம்.
படிக்காத உடம்புக்கு
இன்னுமொரு மாதம் பிந்தினால் என்ன என்றுதான் நினைத்தேன்.
அதையும் பிறகுதான் நினைத்தேன்.
அதற்குள் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டியிருந்தேன்.

எந்தக் கை?
"இடக்கை. வலது தும்புத்தடி பிடிக்க வேணும்."
பிறந்தவுடன் குத்திய தழும்புக்குக் கீழே
துடைத்தேன், குத்தினேன்.
அவள் கண்ணை மூடவில்லை,
யன்னல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
இதையும் நானே கூட்டவேண்டும் என்பதுபோல.

இரத்தம் எடுத்து ஜெஸீமாவுக்கு அனுப்பினேன்.
பெயர் என்ற இடத்தில் பெயர்.
பதவி என்ற இடத்தில் ஒரு கோடு.
பதிவேட்டில் என் வரிக்கும் பதினெட்டுக்கும் நடுவே
இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினேன்:
17அ.
கணக்காய்வுக்கு வந்தவர் அதைச் சிவப்பால் வட்டமிட்டார்.
"இலக்கத்துக்கு எழுத்து வராது."
வந்திட்டுது ஐயா என்றேன்.

ஒரு மாதம் கழித்து, அவளுக்கு லீவு நாளில்,
இரண்டாவது ஊசிக்கு வந்தாள்,
சிவப்புச் சேலையில்,
முதல்முறையாக முன்வாசலால்.
போட்டு முடிய மெல்லக் கேட்டாள்,
"அப்ப நானும் இப்ப ஸ்டாஃபா, மிஸ்ஸி?"

பஞ்சை வைத்தேன்.
அமத்திப் பிடிங்க, என்றேன்.
இன்னும் கொஞ்ச நேரம்.