அரைக்கால் பங்கு

திருவுளச்சீட்டுப் போட்டதில்
எனக்கு விழுந்தது பச்சைச் சீசா.
பட்டியலில் நூற்று நாற்பத்தொன்றாம் உருப்படி:
'சைகோன் மருந்து, பச்சை, திறவாதது, ஒன்று.'
அதற்கடுத்தது, 'பிராந்தி, பிரஞ்சு, ஒன்று',
வயிரவன் அண்ணனுக்குப் போனது.
வக்கீல் கொட்டாவி விட்டார்.
பிறகு பித்தளை அண்டாக்கள்.

ஒன்பது வருஷ வழக்கு.
எட்டுப் பேருக்கும் ஆளுக்கு அரைக்கால்.
ஆறு பேர் பணமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.
பெரியப்பச்சி மகனும் நானும்தான்
வீடாகவே வேண்டுமென்று நின்றோம்.
பள்ளத்தூரில் எங்கள் வளவுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது.
வழியில் ஒரு பர்மாத் தேக்குத் தூண்.
கொத்தனார் மூன்று தரம் அளந்து பார்த்து,
"யாருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டு,
யாரும் சொல்லாததால்
அதைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்.

அது மருந்தில்லை.
சிங்கப்பூரில் வங்கி வேலையில் இருந்தபோது
வெள்ளிக்கிழமைகளில் எதிர்க்கடையில் எனக்குப் பழக்கம்.
மடத்துத் துறவிகள் காய்ச்சுவது.
நூற்று முப்பது மூலிகை என்பார்கள்,
என்னென்ன என்று சொல்ல மாட்டார்கள்.
கோன்யாக் இரண்டு பங்கு, பச்சை அரைப் பங்கு,
எலுமிச்சை அரை, பாகு அரைக்கால்,
கசப்பு இரண்டு சொட்டு.
அந்தக் கடையில் பங்கு என்றால்
ஒன்றாய் ஊற்றுவதற்கான கணக்கு.

ஐப்பசி அடைமழை. மத்தியானமே கரண்ட் போயிற்று.
ஏழு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தால்
ஐஸ் தட்டின் ஓரமெல்லாம் தண்ணீர்.
எனக்கு என்ன வந்ததோ,
சுவருக்கு மேலாகக் கத்தினேன்:
"அண்ணே, ஐசு கரையுது.
அந்தப் பிராந்தியை எடுத்துக்கிட்டு வாங்க."

வெகுநேரம் மழைதான் பேசியது.
பிறகு, "எவ்வளவு நேரம் தாங்கும்?"

ஒன்பது வருஷத்தில்
அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

அவர் வாசல் கிழக்கு வீதி, என் வாசல் மேற்கு.
சுற்றிக்கொண்டு வந்தார், முழங்கால்வரை சேறு,
சீசாவைத் துண்டில் சுற்றி
கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு வைத்து.

என் சீசாவின் தக்கை பொடிந்து உள்ளே விழுந்தது.
காபி வடிகட்டியில் வடித்தேன்.
இருமல் மருந்து மூடிதான் அளவு,
அதில்தான் கோடு போட்டிருக்கிறது.
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி
அண்ணன் குனிந்து கோட்டைப் பார்த்தார்,
சர்வேயர் வந்தபோது பார்த்தாரே, அதே பார்வை.
"ஒரு சொட்டு கூடப் போச்சு."
"உங்க கிளாசுலதான் போச்சு."
கசப்புக்கு நிலவேம்புக் கஷாயம்.
குலுக்குவதற்கு எவர்சில்வர் தூக்கு;
மூடியை நான் அழுத்திப் பிடிக்க
அவர் குலுக்கினார், எழுபது வயதில்,
முழங்கை வழியாக ஒழுக ஒழுக.
ஐஸில் இட்லி மாவு வாசம் லேசாக இருந்தது.
ஒன்றும் செய்வதற்கில்லை.

இரண்டு வெள்ளிக் கும்பாவில் ஊற்றினேன்.
முதலில் புளிப்பு. பிறகு நெருப்பு, அது மெதுவாகத்தான் வந்தது.
அதற்குப் பிறகு ஏதோ மலைச்சரிவில்
மழை விட்டதும் மிதித்துப்போன பச்சிலைகள்.
அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு
விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.
"கற்பூரவல்லி. சோம்பு. இது... திருநீற்றுப் பச்சை."
பதினொன்றோடு விரல் நின்றது.
"மிச்சம் நூத்திப் பத்தொம்பது" என்றேன்.
"தெரியும். எனக்கும் கணக்கு வரும்."

தூணைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும் பேசவில்லை.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து
தன் சீசாவின் சீட்டில்
மிச்சம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார்.
அதே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.
செட்டியார் வீட்டுப் பிள்ளை,
வேறெப்படி இருப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம்
கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றிருந்தேன்.
கரண்ட் இன்னும் வரவில்லை.
ஐஸ் தட்டில் தண்ணீர் நிரப்பி
உள்ளே வைத்தேன்.